மையக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத வீட்டுக் கருவிகள்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

விளக்கு, விசிறி, ஏசி, தண்ணீர் மோட்டார், கதவுச் சென்சார் என வீட்டிலுள்ள அனைத்தையும் ஒரே மையக் கருவியின் கீழ்க் கொண்டுவந்த பிறகு, கூடத்து விளக்கு எரியவில்லை என்றால் பிழை விளக்கில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விளக்குக்கு வரும் மின்சாரம், அதற்கும் மையக் கருவிக்கும் இடையிலுள்ள கம்பியில்லாத் தொடர்பு, மையக் கருவி, அதில் எழுதி வைத்த தானியங்கி விதி, சில வேளைகளில் தயாரிப்பாளரின் சர்வர் என எதிலும் பிழை இருக்கலாம். பலரும் உடனே செய்வது, கருவியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பதாகும். அதனால் விளக்கு எரியத் தொடங்கலாம். ஆனால் பிழை எங்கிருந்தது என்பதைக் காட்டும் தடயம் அழிந்துவிடும், பழைய பெயரைச் சுட்டிய விதிகளும் அறுந்துபோகும். நீக்கிச் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது, ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் என்னும் திறமூல மென்பொருளும், யூஎஸ்பி குச்சி வழியாக அதனுடன் இணையும் ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லாத் தொடர்பு முறை) கருவிகளும், சில வைஃபை சுவிட்சுகளும், ஏசிக்கான இன்ஃப்ராரெட் ரிமோட் பெட்டியும் கொண்ட அமைப்பாகும். வேறு மையக் கருவி வைத்திருப்போருக்கு மெனுவின் பெயர்கள் மாறலாம். பிழை ஒளிந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவையேதான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை கருவிகள் ஒன்றாக நின்றன என்பது. ஒன்று மட்டும் நின்றிருந்தால் அந்தக் கருவியையும் அதன் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஓர் இனம் முழுவதும் நின்றிருந்தால் அந்த இனத்துக்குப் பொதுவான வழியை. அனைத்தும் நின்றிருந்தால் மையத்தை. கருவி கைக்குப் பணிகிறது, மையத் திரையிலிருந்தும் பணிகிறது, ஆனால் தானாக மட்டும் இயங்கவில்லை என்றால் பிழை விதியில் இருக்கிறது. அப்போது கம்பிகளைத் தொட வேண்டியதே இல்லை.

எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன

வீட்டு வைஃபையில் இணைந்த கணினியிலிருந்து மையக் கருவியின் ஐபி முகவரியை, 8123 என்னும் போர்ட் எண்ணுடன், உலாவியில் திறந்து பார்க்க வேண்டும். பக்கம் திறந்தால் மையம் உயிருடன் இருக்கிறது. கைபேசிச் செயலிதான் பழைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறது. மின்வெட்டுக்குப் பிறகு ரூட்டர் புதிய ஐபி முகவரியைக் கொடுத்திருப்பது இதற்குப் பொதுவான காரணம். ரூட்டரின் அமைப்பில் மையக் கருவிக்கு நிலையான முகவரியை ஒதுக்கி வைத்தால் இது மீண்டும் நேராது.

பக்கம் திறக்கவில்லை என்றால் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 மாதிரிக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் அடாப்டர் தேவை; பழைய கைபேசிச் சார்ஜரில் அது ஓடினாலும், யூஎஸ்பி குச்சியும் வெளி வட்டும் சேர்ந்து இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, எப்போதாவது ஒருமுறை உறைந்து நிற்கும். ஹோம் அசிஸ்டென்ட்டிலேயே இந்தக் குறைமின்னழுத்தத்தைக் கண்டு எச்சரிக்கும் வசதி உள்ளது. அடாப்டர் சரியாக இருந்தும் பலமுறை உறைந்தால், எஸ்டி கார்டு தேய்ந்திருக்கலாம். ஓயாமல் எழுதப்படும் தரவுத்தளமும், எழுதும் நடுவில் கரண்ட் போவதும் சேர்ந்து எஸ்டி கார்டைக் கெடுத்துவிடும். எஸ்எஸ்டி வட்டுக்கு மாறுவதும், மையக் கருவி, ரூட்டர், ஃபைபர் இணைப்புப் பெட்டி ஆகிய மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் அல்லது சிறிய யூபிஎஸ்ஸில் சேர்ப்பதும் நிலையான தீர்வு. மூன்றில் ஒன்றை மட்டும் சேர்ப்பதால் பயன் குறைவு.

ஓர் இனக் கருவிகள் மட்டும் நின்றுவிட்டன

ஜிக்பீ கருவிகள் அனைத்தும் ஒருசேர நின்றிருந்தால் யூஎஸ்பி குச்சி கழன்றிருக்கலாம், அல்லது மறுதொடக்கத்தின்போது இயங்குதளம் அதற்கு வேறு போர்ட் பெயரைக் கொடுத்திருக்கலாம். அமைப்பில் குச்சியின் தொடர் எண்ணைக் கொண்ட நிலையான பாதையைக் கொடுத்து வைத்தால் பெயர் மாற்றம் பாதிக்காது. எம்க்யூடிடி என்னும் செய்திப் பரிமாற்ற முறை வழியாக ஓடும் கருவிகள் அனைத்தும் சில நொடிக்கு ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைந்தால், ஒரே அடையாளப் பெயருடன் இரண்டு இணைப்புகள் ஒன்றையொன்று வெளியேற்றிக்கொண்டிருக்கக்கூடும். பழைய நிறுவலை அணைக்காமல் புதிய கணினிக்கு மாறியவர்களின் வீட்டில் இது நடக்கும்.

ஒரே தயாரிப்பாளரின் கருவிகள் மட்டும் நின்று, அவை அந்நிறுவனத்தின் சர்வர் வழியாக இயங்குபவையாக இருந்தால், இணையம் இருக்கிறதா என்பதையும், அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலியில் அவை பணிகின்றனவா என்பதையும் பார்த்தாலே போதும். அங்கும் பணியவில்லை என்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஹோம் அசிஸ்டென்ட் ஒவ்வோர் இணைப்பையும் வீட்டுக்குள்ளேயே பேசுவது, சர்வர் வழியாகப் பேசுவது என வகை பிரித்துக் காட்டுகிறது. கதவுப் பூட்டு, மாடிப்படி விளக்கு போன்றவற்றுக்குச் சர்வர் வழி இணைப்பைத் தேர்ந்தெடுப்பது, நம் வீட்டுச் சுவிட்சை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதற்குச் சமம் என்பதே என் கருத்து.

ஜிக்பீ கருவிகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன

இந்த அறிகுறிக்குத்தான் மிகுதியான நேரம் வீணாகிறது. சென்சாரின் பேட்டரியை மாற்றி மாற்றிப் பார்ப்போரே அதிகம். காரணம் பெரும்பாலும் அலைவரிசையிலும், சமிக்ஞையைக் கடத்தும் இடைக் கருவிகளிலும் இருக்கிறது.

ஜிக்பீயும் வைஃபையின் ஒரு பகுதியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பகிர்ந்துகொள்கின்றன. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 தடங்கள் உண்டு. ரூட்டர் வைஃபையின் 1ஆம் தடத்தில் இருந்தால் ஜிக்பீயின் 11 முதல் 14 வரையிலான தடங்களும், 6ஆம் தடத்தில் இருந்தால் 16 முதல் 19 வரையும், 11ஆம் தடத்தில் இருந்தால் 21 முதல் 24 வரையும் நெரிசலுக்கு உள்ளாகும். எனவே முதலில் ரூட்டரில் தானியங்கித் தடத் தேர்வை நிறுத்தி, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு தடத்தை நிலையாக வைத்து, அதற்கு விலகிய ஜிக்பீ தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டு ரூட்டர்களையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும். தடத்தை மாற்றும்போது உறக்கத்தில் இருக்கும் பேட்டரிச் சென்சார்கள் சில புதிய தடத்துக்குத் தாமாக வாரா. அவற்றை மறுபடி இணைக்க நேரும். அப்போதும் பட்டியலிலிருந்து நீக்காமலேயே இணைப்புப் பொத்தானை அழுத்தினால், கருவியின் நிரந்தர முகவரியைக் கொண்டு மையம் அதை அடையாளம் கண்டு பழைய பெயரையே கொடுக்கும், விதிகளும் தப்பும்.

அடுத்தது குச்சியின் இடம். யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் செருகிய வட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே ஓர் அறிக்கையில் விளக்கியுள்ளது. குச்சியை யூஎஸ்பி 2 போர்ட்டில், ஒரு மீட்டர் அளவுள்ள நீட்சிக் கம்பி வழியாக, கணினியிலிருந்தும் ரூட்டரிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கம்பியை வாங்காமல், புதிய குச்சிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதில் பொருளில்லை.

மூன்றாவதாக, இடைக் கருவிகள். நேரடி மின்சாரத்தில் இயங்கும் ஜிக்பீ பல்புகளும் பிளக்குகளும் பிற கருவிகளின் சமிக்ஞையைக் கடத்துகின்றன. பேட்டரிச் சென்சார்கள் அப்படிக் கடத்துவதில்லை. செங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் கடந்து மாடிக்குச் செல்ல வேண்டிய சமிக்ஞைக்கு வழியில் ஒன்றிரண்டு பிளக்குகளாவது தேவை. இங்கேதான் சுவர்ச் சுவிட்ச் குறுக்கிடுகிறது. படுக்கப் போகுமுன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைக்கும் வழக்கமுள்ள வீட்டில், ஸ்மார்ட் பல்பின் சுவிட்சையும் யாரேனும் அணைத்தால், பல்பு மறைவதோடு அதன் வழியே பேசிக்கொண்டிருந்த சென்சார்களும் மறையும். அவற்றுள் சில மாதிரிகள் வேறு வழியைத் தேடிக்கொள்ளாமல், பழைய பல்பு திரும்பும்வரை அப்படியே நிற்கும். வீட்டுப் பெரியவர்களிடம் சுவிட்சைத் தொட வேண்டாம் என்று சொல்வது தீர்வாகாது. பல்புக்குப் பதிலாகச் சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் ஸ்மார்ட் மாடியூலைப் பயன்படுத்தினால், சுவிட்சை அணைத்தாலும் மாடியூலுக்கு மின்சாரம் நிற்பதில்லை.

வைஃபை சுவிட்ச் இணையவே மறுக்கிறது, அல்லது மின்வெட்டுக்குப் பின் திரும்புவதில்லை

மலிவான வைஃபை சுவிட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும். ஃபைபர் இணைப்புடன் வரும் ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டும்போது, இணைப்பு நடக்கும் சமயத்தில் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் அமைப்பு பாதியில் முறியும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2வையும் அனுமதிக்க வேண்டும்.

நிறுவனம் கொடுத்த ரூட்டருக்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றையும் மாட்டியிருப்போர், இரண்டும் தனித்தனி வலையமைப்பை நடத்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். மையக் கருவி ஒன்றிலும் சுவிட்சுகள் மற்றொன்றிலும் இருந்தால், கருவிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் அறிவிப்பு ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்காது. மையம் தேடிக்கொண்டே இருக்கும். வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான மேட்டர் தரநிலைக் கருவிகளுக்கும் இது பொருந்தும். அவை ஐபி முகவரியின் புதிய வகையான ஐபிவி6ஐயும் எதிர்பார்க்கின்றன, ஆகவே ரூட்டரில் அதை அணைத்து வைக்கக் கூடாது. இரண்டாம் ரூட்டரை, தனி வலையமைப்பை நடத்தாமல் வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே வலையமைப்புக்குள் வந்துவிடும்.

திரையில் ஒரு நிலை, அறையில் வேறு நிலை

இன்ஃப்ராரெட் வழியாக இயங்கும் ஏசியில் இது பிழையே அன்று. பெட்டி சமிக்ஞையை அனுப்புகிறது. ஏசி அதைப் பெற்றதா என்பதை அறிய அதற்கு வழியில்லை. நடுவில் யாரேனும் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டால் திரை பழையதையே காட்டும். ஏசி பிளக்கில் 16 ஆம்பியர் தாங்கும், மின்நுகர்வை அளக்கும் ஸ்மார்ட் பிளக்கைப் பொருத்தி, நுகர்வு குறிப்பிட்ட வாட் அளவைத் தாண்டினால் மட்டுமே ஏசி ஓடுவதாகக் கொள்ளும்படி அமைப்பது நம்பத்தக்க வழி.

பேட்டரிச் சென்சார் பழைய நிலையையே காட்டிக்கொண்டிருப்பது வேறு சிக்கல். ஹோம் அசிஸ்டென்ட்டின் ஜிக்பீ இணைப்பு, இயல்பமைப்பில், பேட்டரிக் கருவியிடமிருந்து 6 மணி நேரமும் நேரடி மின்சாரக் கருவியிடமிருந்து 2 மணி நேரமும் செய்தி வராவிட்டால்தான் அதைக் கிடைக்கவில்லை என்று குறிக்கும். அதுவரை, செத்துப்போன நீர்க்கசிவுச் சென்சார் 'உலர்ந்திருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இத்தகைய சென்சார்களின் நிலையை மட்டுமன்றி, கடைசியாகச் செய்தி வந்த நேரத்தையும் திரையில் காட்டி வைக்க வேண்டும்.

தண்ணீர் மோட்டார் திரையில் அணைந்து, கிணற்றடியில் ஓடிக்கொண்டிருந்தால் உடனே எம்சிபியை இறக்க வேண்டும். மோட்டார் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அதன் இயல்பு அளவைப் போலப் பல மடங்கு என்பதால், விளக்குக்கான ஸ்மார்ட் சுவிட்சின் ரிலே முனைகள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. மென்பொருளில் எதைச் செய்தாலும் இது தீராது. ஸ்மார்ட் சுவிட்ச் ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்ச்) மட்டும் இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்கும்படி எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கருவி பணிகிறது, தானியங்கி விதி மட்டும் ஓடவில்லை

விதியின் பக்கத்தில் 'ரன்' என்னும் கட்டளையைக் கொடுத்து, விளக்கு எரிந்ததும் விதி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வோர் உண்டு. அந்தக் கட்டளை, விதியைத் தொடங்கி வைக்கும் தூண்டலையும் அது ஓடுவதற்கான நிபந்தனையையும் தாண்டிச் சென்று செயல் பகுதியை மட்டும் இயக்குகிறது; ஆகவே அது செயல் பகுதியைத் தவிர வேறு எதையும் சோதிப்பதில்லை. பார்க்க வேண்டியது 'ட்ரேஸ்' என்னும் தடப்பதிவு. கடைசி 5 ஓட்டங்களை மையம் சேமித்து வைத்து, எந்தப் படியில் நின்றது என்பதைப் படமாகக் காட்டுகிறது. எதிர்பார்த்த நேரத்துக்குத் தடமே இல்லை என்றால் தூண்டல் பிழை. தடம் இருந்து நடுவில் நின்றிருந்தால் நிபந்தனைப் பிழை.

தூண்டல் பிழைகளில் முதன்மையானது, எண் வரம்பைப் பற்றிய தவறான புரிதல். வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல் போனால் விசிறியைப் போடு என்னும் விதி, வெப்பநிலை 30ஐக் கடக்கும் கணத்தில் மட்டுமே தூண்டப்படும். மே மாதத்து மதுரையில் அறை நாள் முழுவதும் 33 டிகிரியிலேயே இருந்தால் கடப்பு நிகழ்வதே இல்லை; விசிறியும் ஓடாது. அறைக்குள் ஆள் வருவதைத் தூண்டலாக வைத்து, 30க்கு மேல் இருப்பதை நிபந்தனையாக மாற்ற வேண்டும். 'இந்த நிலை 30 நிமிடம் நீடித்தால்' என்று எழுதிய விதிக்கும் ஒரு பலவீனம் உண்டு: நடுவில் மையக் கருவி மறுதொடக்கம் ஆனாலோ, விதிகளை மறுபடி ஏற்றினாலோ அந்தக் காத்திருப்பு அழிந்துவிடும். அடிக்கடி கரண்ட் போகும் வீட்டில் மோட்டாரை அணைக்கும் பொறுப்பை இத்தகைய காத்திருப்பிடம் ஒப்படைக்கக் கூடாது.

சூரிய மறைவை ஒட்டிய விதிகள் தவறிய நேரத்தில் ஓடினால், வீட்டின் இருப்பிடமும் நேர மண்டலமும் சரியாக இடப்பட்டுள்ளனவா என்று பார்த்தால் போதும்.

ஆள் இருக்கும்போதே விளக்கு அணைகிறது, ஆள் இல்லாதபோது எரிகிறது

அசைவு கண்டால் விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து அணைக்கும் விதி, இயல்பாக 'சிங்கிள்' முறையில் இருக்கும். அந்த முறையில், ஓர் ஓட்டம் முடியும்வரை வரும் புதிய தூண்டல்கள் புறக்கணிக்கப்படுகின்றன. எனவே நான்காம் நிமிடத்தில் நாம் அசைந்தாலும் ஐந்தாம் நிமிடத்தில் இருட்டாகும். முறையை 'ரீஸ்டார்ட்' என்று மாற்றினால் ஒவ்வோர் அசைவும் கணக்கைப் புதிதாகத் தொடங்கும்.

சென்சாரின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். பிஐஆர் சென்சார் உடல் வெப்பத்துக்கும் சூழலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே அசைவை உணர்கிறது. அறை வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் கோடையில் அதன் உணர்திறன் குறையும். அதைத் தவிர்க்க ரேடார் வகைச் சென்சாருக்கு மாறினால், அது சுழலும் மின்விசிறியையும் காற்றில் ஆடும் திரைச்சீலையையும் ஆள் என்று கொள்ளும். விசிறி அதன் பார்வைக் கூம்புக்குள் வராதபடி இடத்தையும், அறைக்கு அப்பால் பாராதபடி தூர எல்லையையும் திருத்திய பின்னரே விதிகளை எழுத வேண்டும்.

கரண்ட் வந்தவுடன் விளக்குகள் எரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பல்பின் அமைப்பில் மின்சாரம் வந்தால் எரிய வேண்டும் என்றிருக்கலாம். அதைப் பழைய நிலைக்குத் திரும்பும்படி மாற்றலாம். அல்லது, சென்சார் 'கிடைக்கவில்லை' என்னும் நிலையிலிருந்து 'ஆன்' நிலைக்கு வந்ததையே விதி தூண்டலாக எடுத்துக்கொண்டிருக்கலாம். தூண்டலில் 'ஆஃப்' நிலையிலிருந்து 'ஆன்' நிலைக்கு என்று தொடக்கத்தையும் குறிப்பிட்டால் இது நிற்கும்.

அணைத்த பின்னும் எல்இடி மங்கலாக ஒளிர்கிறது, விசிறி உறுமுகிறது

நியூட்ரல் கம்பி தேவைப்படாத ஸ்மார்ட் மாடியூல், தான் உயிர்வாழ்வதற்கான சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே இழுக்கிறது. குறைந்த வாட் எல்இடிக்கு அதுவே ஒளிர்வதற்குப் போதுமானதாகிறது. விளக்குடன் இணையாகப் பைபாஸ் கெப்பாசிட்டர் சேர்ப்பது எளிய வழி; நியூட்ரலை இழுத்து, அது தேவைப்படும் மாடியூலைப் பொருத்துவது சிறந்த வழி. சாக்கெட் உள்ள சுவிட்ச் போர்டில் நியூட்ரல் ஏற்கெனவே இருக்கும். விளக்குக்கான டிம்மரில் சாதாரண விசிறியை இணைத்தால் உறுமும். கெப்பாசிட்டர் வகை விசிறி மாடியூல்தான் அதற்கு ஏற்றது. பிஎல்டிசி விசிறிக்கு எந்த ரெகுலேட்டரும் கூடாது. நேர் இணைப்பு கொடுத்து, ரிமோட் சமிக்ஞை வழியாகவே வேகத்தை மாற்ற வேண்டும்.

வீட்டுக்குள் எல்லாம் சரி, வெளியிலிருந்து திறக்க முடியவில்லை

ரூட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் வெளி ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றுடன் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்நிலையில் ரூட்டரில் எத்தனை முறை போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு வீட்டை அடையாது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (இணையத்தின் ஊடே அமையும் பாதுகாப்பான தனி வழி) சேவையையோ, ஹோம் அசிஸ்டென்ட்டின் சந்தாச் சேவையையோ பயன்படுத்தினால், இணைப்பு வீட்டுக்குள்ளிருந்து வெளியே தொடங்குவதால் இந்தத் தடை பொருட்டாவதில்லை. பொது முகவரி கிடைத்தவர்களும் 8123 போர்ட்டை அப்படியே உலகுக்குத் திறந்து வைப்பதைவிட இவ்வழியையே மேற்கொள்ளலாம். எவ்வழியானாலும் பயனர் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிய பிறகே வெளி இணைப்பைத் தொடங்க வேண்டும்.